பிரஸ்காரர் மேல் பழி போடாதீர்கள்

போன வாரம் அசருக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் வந்து பத்திரிகை கொடுத்தார். கனமான, விலை கூடிய அட்டை. ஓரமெல்லாம் தங்க நிறத்தில் பூ வேலை. ஆனால் உள்ளே இருக்கும் எழுத்தைப் படிக்க முடியவில்லை. கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ‘அப்துல் காதர்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘அபதுல காதர’ என்று இருக்கிறது. மெய்யெழுத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளிகளைக் காணோம். எழுத்தின் ஓரமெல்லாம் பஞ்சு பிய்ந்த மாதிரி இருந்தது.

“என்ன காக்கா, அப்படிப் பாக்குறீங்க? பிரஸ்காரன் கெடுத்துட்டான். மவன் துபாயிலேந்து போன்ல அனுப்புனப்ப பளிச்சுன்னுதான் இருந்துச்சு” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணக் களையில் இருக்கும் மனுஷரிடம் வம்புக்குப் போவது மரியாதை இல்லை. ஆனால் இங்கே சொல்லலாம். பிரஸ்காரர் கெடுக்கவில்லை. நாம்தான் கெடுத்தோம். தாளில் மை ஏறுவதற்கு முன்பே, கம்ப்யூட்டரிலிருந்து ஃபைலை வெளியே எடுக்கிற அந்த ஒரு நிமிஷத்திலேயே, பாதி அச்சு வேலை முடிந்துவிடுகிறது. அந்த நிமிஷத்தில் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நாம் கேட்பதும் இல்லை, பார்ப்பதும் இல்லை. காசு கொடுத்தோம், பையன் பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிடுகிறோம். பிறகு பழியை மட்டும் பிரஸ்காரர் தலையில் போடுகிறோம்.

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் 1974-ல் பட்டுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்தவன் நான். சவூதிக்குப் போகும் வரை ஆறு வருஷம் ஈய எழுத்தோடுதான் வாழ்க்கை. கேஸ் என்கிற மரப்பெட்டியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அறை. ‘க’வுக்கு ஓர் அறை, புள்ளி வைத்த ‘க்’குக்கு வேறு அறை. இடது கையில் ஸ்டிக், வலது கையால் எழுத்தைப் பொறுக்கிக் கோக்க வேண்டும். கோத்ததும் புரூப் எடுப்போம். முதலாளி ஒரு தடவை திருத்துவார், பத்திரிகை அடிக்கக் கொடுத்தவர் ஒரு தடவை திருத்துவார். அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டிரெடில் ஓடும்.

ஈயத்தில் ஒரு நேர்மை இருந்தது. ஓர் எழுத்து இல்லை என்றால் இல்லைதான். அந்த இடம் காலியாக நிற்கும், கண்ணுக்குத் தெரியும். இல்லாத எழுத்துக்குப் பதிலாக வேறோர் எழுத்து தானாக வந்து உட்காராது. கம்ப்யூட்டரில் உட்காரும். அதை நான் என் சொந்தப் பணத்தில், சொந்த உம்மாவின் புத்தகத்தில் கற்றுக்கொண்டேன்.

உம்மா 2017-ல் மவுத்தானார். வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் உம்மா அவருக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. எல்லாம் அரபுத் தமிழ். அந்தக் காலத்துப் பெண்கள் பலரையும்போல உம்மா பேசியது தமிழ், எழுதியது அரபு எழுத்தில். எங்கள் பிள்ளைகளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. உறவில் ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்து, தமிழ் எழுத்தில் எழுதினேன். இரண்டு வருஷம் ஆனது. 2019-ல் 112 பக்கப் புத்தகமாகப் போட்டேன். டெமி அளவு, ஏழு பாரம், 300 பிரதி. விற்பதற்கு அல்ல, சொந்தபந்தங்களுக்குக் கொடுக்க.

பக்கம் கட்டியது தங்கச்சி மகன். கெட்டிக்காரப் பையன். அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து ‘சரி’ என்று சொன்னது நான். அச்சாகி வந்த கட்டைப் பிரித்தேன். முதலில் சமர்ப்பணப் பக்கம். ‘உம்மாவுக்கு’ என்ற ஒரே ஒரு சொல், நடுப்பக்கத்தில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அங்கே ஆங்கில எழுத்தில் சி, கே, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று பூட்டுக்குப் போடும் ரகசியச் சொல் மாதிரி ஏதோ அச்சாகி இருந்தது. முந்நூறு பிரதியிலும் அப்படித்தான்.

அரபு எழுத்திலிருந்து உம்மாவைத் தமிழுக்குக் கொண்டுவர இரண்டு வருஷம் பாடுபட்டேன். அவர் பெயரைச் சொல்லும் பக்கத்தில் தமிழே இல்லை.

பிரஸ்காரரைக் கேட்டேன். “ஃபைல்ல எப்படி இருந்துச்சோ அப்படித்தான் சார் அடிச்சோம்” என்றார். பையனைக் கேட்டேன். “என் கம்ப்யூட்டர்ல இப்பவும் சரியாத்தான் இருக்கு மாமா, வந்து பாருங்க” என்றான். போய்ப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்தைத்தான். அதன் மேல் தமிழ் முகத்தை மாட்டிவிடுவது எழுத்துரு. ‘சி’யை அழுத்தினால் ‘உ’ முகம் தெரியும். அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில் எல்லாம் தமிழாகத் தெரியும். இல்லாத கம்ப்யூட்டரில் முகமூடி கழன்று விழுந்து ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். அதனால்தான் பி.டி.எஃப் எடுக்கும்போது எழுத்துருவையும் ஃபைலுக்குள்ளேயே வைத்துக் கட்டி அனுப்ப வேண்டும். இதற்கு எம்பெட் செய்வது என்று பெயர். புத்தகத்தின் மற்ற பக்கங்களில் இருந்த எழுத்துரு உள்ளே போயிருக்கிறது. சமர்ப்பணத்துக்கு மட்டும் பையன் ஓர் அலங்கார எழுத்துருவைப் போட்டிருந்தான். அது உள்ளே போகவில்லை. பிரஸ் கம்ப்யூட்டரிலும் அது கிடையாது.

தப்பு யாருடையது? என்னுடையது. கம்பாசிட்டராக இருந்த ஆறு வருஷத்தில், தாளில் எடுத்த புரூப்பைப் பார்க்காமல் எந்த வேலையையும் நான் மெஷினுக்கு அனுப்பியதில்லை. இங்கே பையனின் திரையைப் பார்த்து ‘சரி’ சொன்னேன். அச்சுக்குப் போகிற ஃபைலை நான் பார்க்கவே இல்லை.

இந்தக் கதையைச் சொன்னால் நம்மூர் நண்பர்கள் உடனே ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். “பேசாம எல்லாப் பக்கத்தையும் ஜேபெக் படமா எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்பிடுங்க காக்கா. எழுத்துரு பிரச்சினையே வராது.” சில இடங்களில் பிரஸ்காரர்களே இதைக் கேட்கிறார்களாம். எழுத்து மாறாது என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இது தலைவலிக்குத் தலையை வெட்டுகிற வைத்தியம். அந்தக் கல்யாணப் பத்திரிகைக்கு நடந்தது இதேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் படம் என்பது சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. அச்சில் தெளிவாக வர, ஓர் அங்குல நீளத்துக்கு 300 கட்டம் வேண்டும். இதைத்தான் 300 டி.பி.ஐ. என்கிறார்கள். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். அதற்கு 3508 கட்டம் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். எனக்கு அப்படி வந்த ஒரு பத்திரிகைப் படத்தின் நீளத்தைப் பார்த்தேன், 1600 கட்டம். அதை ஏ4 அளவில் அச்சடித்தால் அங்குலத்துக்கு 137-க்கு மேல் தேறாது. போன் திரை சின்னது, அதில் பளிச்சென்றுதான் தெரியும். தாளில் விரித்தால் கிழிந்த வலை.

எழுத்தைப் படமாக்காமல் எழுத்தாகவே பி.டி.எஃப்பில் அனுப்பினால் இந்தக் கட்டக் கணக்கே எழுத்துக்குக் கிடையாது. எழுத்தின் வடிவம் கோடாகவே போகும். பிளேட் எடுக்கிற இயந்திரம் அங்குலத்துக்கு 2400 கட்டம் வரை நுணுக்கமாக அதை வரைந்துகொள்ளும். 2400-க்கும் 137-க்கும் உள்ள தூரம்தான் அந்தப் பத்திரிகையில் நான் பார்த்த பஞ்சு.

ஆங்கிலத்துக்கு இது அவ்வளவு கெடுதல் செய்யாது. தமிழுக்குச் செய்யும். நம் எழுத்தில் ஒரு சின்னப் புள்ளியில்தான் மெய்யும் உயிர்மெய்யும் பிரிகிறது. ஜேபெக் சுருக்கும்போது முதலில் சாகிறது அந்தப் புள்ளிதான். ஓலைச்சுவடிக் காலத்தில் ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளி வைக்கமாட்டார்கள். படிப்பவர் இடம் பார்த்து ஊகித்துப் படித்தார். அச்சு வந்த பிறகுதான் அந்தத் தொல்லை முழுசாகத் தீர்ந்தது. அத்தனை வருஷம் கழித்து, கையில் இத்தனை விலையுள்ள போனை வைத்துக்கொண்டு, மறுபடி நாம் புள்ளி இல்லாத ஓலைக்கே போகிறோம். மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரை ஊகித்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. படமாகப் போன பக்கத்தில் நாளைக்கு ஒரு சொல்லைத் திருத்த முடியாது, தேட முடியாது. இரண்டாம் பதிப்பு போட வேண்டுமென்றால் முதலிலிருந்து அடிக்க வேண்டும். எழுத்தை வளைகோடாக மாற்றி அனுப்புகிற முறை ஒன்று உண்டு. ஒரு பக்கப் பத்திரிகைக்கும் புத்தக அட்டைக்கும் அது நல்ல முறை, எழுத்துருவும் மாறாது, தெளிவும் போகாது. ஆனால் முழுப் புத்தகத்துக்கு வேண்டாம். அதிலும் திருத்தம் செய்ய வழியில்லை.

நிறத்துக்கு வருகிறேன். இன்னொரு வீட்டில் அட்டை முழுக்கக் கிளிப்பச்சை கேட்டிருந்தார்கள். வந்தது பாசி பிடித்த குளத்துப் பச்சை. அங்கேயும் பிரஸ்காரருக்குத்தான் ஏச்சு. போன் திரை நிறம் காட்டுவது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வெளிச்சத்தால். தாளில் நிறம் வருவது நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையால். வெளிச்சத்தில் மினுங்குகிற எல்லா நிறமும் மையில் வராது. கிளிப்பச்சை அப்படி வராத நிறங்களில் ஒன்று. சி.எம்.ஒய்.கே. என்கிற நான்கு மைக் கணக்குக்கு மாற்றிப் பார்த்துவிட்டு ஃபைலை அனுப்பினால், பச்சை மங்குவது முன்கூட்டியே தெரியும். வேறு பச்சை தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மாற்றாமல் அனுப்பினால் அதை இயந்திரம் மாற்றும், நம்மைக் கேட்காது.

கறுப்பிலும் கவனம் வேண்டும். நமக்குக் கறுப்பு என்றால் ஒரே கறுப்பு. மாற்றும் முறை தப்பினால் கறுப்பு எழுத்து நான்கு மையும் கலந்து அச்சாகும். நான்கில் ஒரு பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக நிழல் தட்டும். வயதானவர் கண்ணுக்கு அது பெரிய சோதனை. சின்ன எழுத்து எப்போதும் கறுப்பு மை ஒன்றில் மட்டும் இருக்க வேண்டும்.

ஓரத்தையும் மறக்கக் கூடாது. நிறமோ படமோ தாளின் விளிம்பு வரை வரவேண்டும் என்றால், வெட்டுகிற கோட்டைத் தாண்டி நாலா பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். பிளீட் என்பது அதுதான். கட்டுக் கட்டாக வெட்டும்போது கத்தி சற்று நகரத்தான் செய்யும். கூடுதல் விடாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். எழுத்தை விளிம்புக்கு ஒட்டி வைத்தால் மணப்பெண்ணின் ஊர் பெயர் பாதி வெட்டுப்பட்டுப் போகும்.

இதெல்லாம் கேட்கப் பெரிய வித்தை மாதிரி இருக்கிறது. இல்லை. அச்சுத் தொழில்காரர்கள் இந்தத் தொல்லைகளுக்காகவே 2001-ல் பி.டி.எஃப்/எக்ஸ்-1ஏ என்று ஓர் உலகத் தரத்தை உண்டாக்கினார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால், எழுத்துரு எல்லாம் உள்ளே இருந்தே ஆக வேண்டும், நிறம் அச்சு மைக் கணக்கில் இருந்தே ஆக வேண்டும். பிறகு வந்த எக்ஸ்-4 இன்னும் வசதியானது. இன்டிசைன், கோரல்டிரா இரண்டிலும் இந்தத் தேர்வு இருக்கிறது. எது வேண்டும் என்று பிரஸ்காரரையே கேட்டுவிடலாம். நம் பிள்ளைகள் போனில் கேன்வாவில்தான் பத்திரிகை செய்கிறார்கள். அதிலும் ‘பி.டி.எஃப் பிரிண்ட்’ என்ற தேர்வு தனியாக உண்டு, பிளீட் சேர்க்கவும் வழி உண்டு. பிள்ளைகள் அழுத்துவது என்னவோ ஜேபெக்கைத்தான். ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் ‘போட்டோ’ என்று அனுப்பாமல் ‘டாகுமெண்ட்’ என்று அனுப்பச் சொல்லுங்கள். சுருங்காமல் போய்ச் சேரும்.

எழுத்துரு உள்ளே இருக்கிறதா என்று பார்க்கவும் படிப்பு வேண்டியதில்லை. அடோபி ரீடரில் ஃபைலைத் திறந்து, ‘புராபர்ட்டீஸ்’ போய், ‘ஃபான்ட்ஸ்’ என்ற இடத்தைப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்துருவின் பக்கத்திலும் ‘எம்பெடட்’ என்று இருக்க வேண்டும். ஒன்றில் இல்லை என்றாலும் அனுப்பாதீர்கள். அந்த ஒன்றில்தான் உங்கள் உம்மாவின் பெயர் இருக்கும்.

“நமக்கு வயசாகிப் போச்சு, இதெல்லாம் இனி எங்கே படிக்கிறது” என்பார்கள். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது, துதிக்கை வைத்த லை, னை எல்லாம் போய்ப் புது வடிவம் வந்தது. நாம் எல்லோரும் பழைய எழுத்தில் படித்தவர்கள்தான், மாற்றிக்கொள்ளவில்லையா? ஃபஜ்ருக்கு முன் எழுந்து போனில் பேரனோடு வீடியோ பேசப் படித்துக்கொண்டோமே, அது மட்டும் எப்படி வந்தது?

நம்முடைய இதே கடற்கரையில் வடக்கே போனால் தரங்கம்பாடி. 1706-ல் அங்கே வந்த சீகன்பால்கு ஐயருக்குத் தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் வார்த்து அனுப்பினார்கள். எழுத்து மிகப் பெரிதாக இருந்தது. காகிதமோ கிடைப்பதற்கு அரிது. அந்த எழுத்தில் அடித்தால் காகிதம் கட்டாது. அவர்கள் ஹாலேக்காரர் மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. இங்கேயே சின்ன எழுத்தாக வார்த்துக்கொண்டார்கள். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. எழுத்தே வார்த்து அச்சடித்த கரையில் இருந்துகொண்டு, நாம் ஒரு பட்டனைப் பார்த்து அழுத்தச் சோம்பல் படுகிறோம்.

பக்கம் கட்டுகிற பிள்ளைகளுக்கும் ஒரு சொல். தமிழை யூனிகோடில் அடியுங்கள். 2010-லேயே தமிழ்நாடு அரசு அதைத் தரமாக ஏற்றாகிவிட்டது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் புரியாது என்று இன்னும் எத்தனை நாள் பழைய எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழுவது? இன்டிசைனில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் கொம்பும் காலும் ஒழுங்காக இடத்தில் உட்காரும். பிரஸ்காரர் கட்டாயப்படுத்தினால் அவருக்காக மாற்றிக் கொடுங்கள், ஆனால் யூனிகோடு பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள். நாளைக்கு உங்கள் பேரன் திறந்து பார்க்கும்போது அது தமிழாக இருக்க வேண்டும்.

பிரஸ்காரர்களுக்கும் ஒரு சொல் உண்டு. அவர்களைக் குற்றமே இல்லாதவர்கள் என்று சொல்லவில்லை. வந்த ஃபைலை வாய் பேசாமல் வாங்கி அடிப்பது தொழில் அல்ல. நான் வேலை பார்த்த காலத்தில், கொடுத்தவர் எழுதியதில் பிழை இருந்தால் எங்கள் முதலாளி ஆள் விட்டுக் கேட்பார். ஒரு போன் போட்டு “சார், உங்க மூணாம் பக்கத்தில் எழுத்து மாறியிருக்கு” என்று சொல்ல என்ன செலவாகிவிடும்? ஆனால் அதை அவர் சொல்லுவார் என்று நாம் நம்பிக்கொண்டு இருப்பதும் சரியில்லை.

நம்மூரில் வருஷத்துக்கு எத்தனை கல்யாணப் பத்திரிகை, எத்தனை மலர், எத்தனை பெரியவர்களின் நினைவுப் புத்தகம் அச்சாகிறது! இவற்றை எந்தப் பெரிய பதிப்பகமும் மறுபதிப்புப் போடப் போவதில்லை. முந்நூறு பிரதி போட்டால் அந்த முந்நூறுதான். யார் யாருக்கு என்ன உறவு, எந்தத் தெருவில் யார் இருந்தார், யார் எந்தக் கப்பலில் எந்த ஊருக்குப் போனார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அது படிக்க முடியாமல் போனால் வேறு எங்கே போய்த் தேடுவது?

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை எதை அச்சுக்குக் கொடுத்தாலும், பையனின் திரையைப் பார்த்து ‘சரி’ சொல்லாதீர்கள். போனைப் பார்த்தும் சொல்லாதீர்கள். பிரஸ்ஸுக்குப் போன அதே ஃபைலிலிருந்து, பிரஸ்காரர் தன் கம்ப்யூட்டரில் திறந்து எடுத்த ஒரு தாள் பிரதியைக் கேளுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக, புள்ளி புள்ளியாகப் பாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தோம்.

என் புத்தகத்துக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ‘உம்மாவுக்கு’ என்று சின்னச் சீட்டாக அடித்து, நானும் என் வீட்டுக்காரரும் தங்கச்சியும் மூன்று நாள் உட்கார்ந்து 299 பிரதியிலும் ஒட்டினோம். ஒரு பிரதியை மட்டும் ஒட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன். யாராவது பிரஸ்காரரைத் திட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தால், முதலில் அதை எடுத்துக் காட்டுவேன்.